மை மட்டும் வைத்த வீடு

சாக்கடைத் தண்ணீரில் கிருமி கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது சொட்டக்கா ஐஸ் பெட்டிக்குள் மருந்துக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. விரல் மரத்துப்போனது ஐஸினாலா, செய்தியினாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினோரு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி, ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளின் வாயில் போலியோ சொட்டு மருந்து விடுகிறவள் அவள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவள் சொட்டக்காதான். அவளைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிற பிள்ளைகளும் உண்டு; பிள்ளைகளை ஒளித்துவைக்கிற பெற்றோர்களும் உண்டு. முதல் ரகத்தைச் சமாளிப்பது சுலபம். ஒரு காலைப் பிடித்து இழுத்தால் போதும்.

செய்தி கொண்டுவந்தவர் சூப்பர்வைசர். சுகாதார மையத்தில் அவருக்கு ‘சதவீதம்’ என்று பெயர். “உடம்பு எப்படி இருக்கு சார்?” என்று கேட்டால் “தொண்ணூறு சதவீதம்” என்று சொல்வார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மனுஷன் முகம் சுண்டிப்போயிருந்தது.

“நம்ம பம்ப் ஹவுஸ்ல எடுத்த தண்ணி” என்றார். “பதினாலு தெரு சாக்கடையும் அங்கதான் வந்து சேருது. இந்தப் பதினாலு தெருவுல ஏதோ ஒரு குழந்தை வயித்துல அது குடியிருக்கு. குழந்தை நல்லா ஓடி விளையாடிட்டுதான் இருக்கும். ஆனா அதோட மலத்துல கிருமி வெளிய வந்துட்டே இருக்கு. மருந்து குடிக்காத இன்னொரு குழந்தை வாய்க்குள்ள அது போச்சுன்னா, கால் போயிடும். அவ்வளவுதான்.”

மேஜை மேல் ஒரு கட்டுத் தாளைத் தூக்கிப் போட்டார்.

“இப்ப இதைப் பாருங்க. போன சுற்று, அதுக்கு முந்தின சுற்று, அதுக்கும் முந்தினது. எல்லாத் தெருவும் நூறு சதவீதம். எல்லாக் கதவுலயும் வட்டம். ஒரு பெருக்கல் குறிகூட இல்ல. அப்புறம் கிருமி எங்க இருந்து வந்துச்சு? மேகத்துல இருந்து குதிச்சுதா?”

வட்டம் என்றால் அந்த வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்தாயிற்று. பெருக்கல் என்றால் மறுத்துவிட்டார்கள், மறுபடி போக வேண்டும். சாக்பீஸால் கதவில் போடுகிற குறி. குழந்தையின் இடது கை சுண்டுவிரலில் மை. இந்த இரண்டை வைத்துத்தான் மொத்த வேலையும் ஓடுகிறது.

“யாராவது வட்டம் தப்பா போட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்றார் சதவீதம். “திட்ட மாட்டேன்.”

அவர் திட்ட மாட்டேன் என்று சொன்ன விதமே திட்டுகிற மாதிரி இருந்தது. சொட்டக்கா குப்பிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

அவள் அண்ணன் வீடு அந்தப் பதினாலு தெருவில் ஒன்பதாவது தெருவில் இருந்தது.

*

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டிடங்களில் எல்லாம் லிஃப்டை மேலேயும் கீழேயும் ஓட வைத்துவிட்டு, லிஃப்டே இல்லாத ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் குடியிருக்கிறான். மூத்த பெண் பள்ளிக்கூடம் போகிறாள். இளையது சிட்டு, இரண்டு வயது.

மூத்தவளுக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்ட அன்று சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது, வலிப்பு வந்தது. அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காய்ச்சல் இறங்கியது, குழந்தை பிழைத்தது, இன்றுவரை அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் அன்று வார்டில் நின்று, “இது ஊசியாலதானே வந்துச்சு?” என்று அண்ணன் கேட்டான். அங்கிருந்த டாக்டர் தலை நிமிராமல், “நீ என்ன படிச்சிருக்கே?” என்று கேட்டார். அண்ணன் வெளியே வந்துவிட்டான். அந்தக் கேள்வி அவனை விட்டு இன்னும் போகவில்லை.

சிட்டு பிறந்த பிறகு சொட்டக்கா முதல் முறை ஐஸ் பெட்டியோடு ஏறினாள். அண்ணன் வாசலிலேயே நின்றான்.

“அத்தையா வந்தா உள்ள வா. பெட்டியோட வந்தா அப்படியே இறங்கிடு.”

“அண்ணே, இது ஊசி இல்ல. ரெண்டு சொட்டு.”

“எதுவா இருந்தாலும் என் பொண்ணு வாய்க்குள்ள போகாது. மை வேணா வெச்சுக்க. விரல்தானே, கழுவினா போயிடும்.”

“அப்படிச் செய்யக் கூடாது. பெருக்கல் போடணும்.”

“போடு. நாளைக்கு உன் ஆபீசர் வருவாரு, பின்னாலயே போலீஸ் வரும். கட்டிடமே வேடிக்கை பாக்கும். சொட்டு மருந்து ஊத்தறவளோட சொந்த அண்ணனே வேண்டாங்கறானாம்னு உன்னைத்தான் சிரிப்பாங்க. எனக்கென்ன?”

அவள் மை வைத்தாள். வட்டம் போட்டாள். அடுத்த தடவை பேசிச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்த தடவையும் அதையேதான் நினைத்தாள்.

மூன்றாம் சுற்றில் அந்தச் சின்ன விரலைப் பிடித்து நகத்தில் பொய்யை எழுத அவளுக்குக் கை கூசியது. அதனால் என்ன செய்தாள்? மருந்தை ஊற்றினாளா? இல்லை. மை பேனா ஒன்றை அண்ணன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். “நான் வர்றதுக்கு முன்னால நீயே வெச்சிடு. நான் பாத்துட்டு போயிடறேன்” என்றாள். தன் கையால் செய்யவில்லை என்றால் பாதிப் பாவம் குறையும் என்று எந்தக் கணக்கில் நினைத்தாளோ. அதற்குப் பிறகு இரண்டு சுற்று, மை வைத்த விரலை எட்டிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, வட்டம் போட்டுவிட்டு இறங்கினாள்.

*

“ஒன்பதாவது தெருவுல இருந்து ஆரம்பிக்கலாமா?” என்றாள் சொட்டக்கா.

அவளோடு கூட வருகிறவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டியல் எழுதுவதும் கதவில் குறி போடுவதும் அவர் வேலை. ஆனால் அண்ணன் வீட்டுக்கு மட்டும் “முட்டி வலிக்கும், நீங்க கீழயே இருங்க” என்று அவரை நிறுத்திவிட்டு, சாக்பீஸை வாங்கிக்கொண்டு அவளே ஏறிப் போவாள். அவரும் நன்றியோடு உட்கார்ந்துகொள்வார்.

“ஒண்ணாவது தெரு பக்கத்துலயே இருக்கேம்மா” என்றார் கண்டக்டர்.

“ஒன்பதாவதுதான்.”

“சரி. வண்டி ஓட்டறது நீ. நான் பின்னால தொங்கிட்டு வர்றவன்.”

வழியில் அவள் மனதுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டாள். சாக்கடையில் கிருமி இருக்கிறது என்று சொன்னால் அண்ணன் பயந்துவிடுவான். சிட்டுக்கு இரண்டு சொட்டு விட்டுவிடலாம். கதவில் வட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பொய்யாக இருந்த வட்டம் இன்றைக்கு நிஜமாகிவிடும். சதவீதத்திடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு அழகாகத்தான் வந்தது.

கட்டிடத்தின் தரைத்தளத்தில் தையல்காரி வீடு. மெஷின் ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது. தையல்காரிக்கு நாலு வயதில் ஒரு மகள். வாசல்படியில் உட்கார்ந்து துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வழக்கம்போல் குனிந்து அவள் விரலைப் பிடித்து, உள்ளே எட்டித் தையல்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

“இதுக்கு மை இருக்கும்மா. போன வாரமே பஸ் ஸ்டாண்ட் கேம்ப்ல குடிச்சாச்சாம். போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க.”

சொட்டக்கா சும்மா ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து மறுபடி பார்த்தாள். மை நகத்தின் மேல் மட்டும் இருந்தது. ஓரம் பிசகாமல், நகப்பூச்சு வைத்த மாதிரி அழகாக இருந்தது. கேம்ப்பில் கத்துகிற குழந்தைக்கு யாரும் இவ்வளவு பொறுமையாக மை வைக்க மாட்டார்கள். அவசரத்தில் பாதி நகத்திலும் பாதி தோலிலும் இழுத்துவிட்டுப் போவார்கள். இத்தனை சுத்தமாக மை வைக்கிற கை ஒன்றை அவளுக்குத் தெரியும். சிட்டு விரலில் இரண்டு சுற்றாகப் பார்த்த மை.

“பாப்பா, மருந்து கசந்துச்சா?”

“எந்த மருந்து?”

“பஸ் ஸ்டாண்ட்ல குடிச்சியே.”

“நான் பஸ் ஸ்டாண்ட் போகல. லிஃப்ட் மாமாதான் மை வெச்சாரு. எனக்கு, தம்பிக்கு, ரெண்டாவது மாடி பாப்பாக்கு, எல்லாருக்கும் வரிசையா வெச்சாரு. நான் அழவே இல்ல.”

மெஷின் சத்தம் நின்றது.

கண்டக்டர் மெதுவாக நிமிர்ந்தார். முப்பது வருடம் ஓசிப் பயணிகளைப் பிடித்த கண் அது.

“டிக்கெட்டே வாங்காம சீல் மட்டும் குத்தியிருக்காங்க” என்றார். “லிஃப்ட் மாமான்னா யாரு, உங்கண்ணனா? அவருக்கு ஏதும்மா நம்ம பேனா?”

சொட்டக்கா வாயைத் திறப்பதற்குள் தையல்காரி வெளியே வந்துவிட்டாள். இன்ச் டேப் கழுத்தில் தொங்கியது. பயந்த முகமாக இருக்கும் என்று சொட்டக்கா நினைத்தாள். அப்படி இல்லை. நியாயம் கேட்க வந்த முகமாக இருந்தது.

“ஆமா, மை மட்டும்தான் வெச்சோம். இப்ப என்ன? உங்க அண்ணன் பொண்ணுக்கும் மை மட்டும்தானே வெச்சீங்க?”

“அது...”

“அவரே சொன்னாரு. ‘என் தங்கச்சி அந்த ஆபீஸ்லயே வேலை பாக்கறா. அவளே என் பொண்ணுக்கு ஊத்தல, மை வெச்சுட்டு பேனாவையும் குடுத்துட்டுப் போயிட்டா. உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாதது நமக்கென்ன தெரியும்?’ன்னாரு. நீங்களே சொல்லுங்க. சொந்தக்காரங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா? நாங்க மட்டும் இளிச்சவாயா?”

பதினோரு வருடத்தில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறாள். இதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்றார்கள், பிள்ளை பெறாமல் செய்கிற மருந்து என்றார்கள், வெளிநாட்டுக்காரன் சதி என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னவள். யார் இந்தப் புரளியைக் கிளப்பிவிடுகிறார்களோ, அவர்கள் நாக்கில் பூச்சி விழ என்று சபித்தவள். இந்தக் கட்டிடத்தில் புரளியைக் கிளப்பிவிட்டது அவளே. அதோடு இது புரளிகூட இல்லை. ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் நிஜம்.

“கண்டக்டர் சார், இங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினாள்.

“முட்டி வலிக்கும்னா?” என்றார் அவர். குரலில் கொஞ்சம்கூட சிரிப்பில்லை.

*

அண்ணனுக்கு முந்தின நாள் ராத்திரி ஷிஃப்ட். இப்போதுதான் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணி சமையல் மேடையருகே நின்று சிட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சிட்டு அத்தையைப் பார்த்ததும் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தது.

“பேனா எங்க?” என்றாள் சொட்டக்கா.

“வந்ததும் வராததுமா என்ன பேனா? உக்காரு.”

“அண்ணே, பேனா எங்கன்னு கேட்டேன்.”

“மை தீந்துடுச்சு. தூக்கிப் போட்டேன்.”

“தீர்ற அளவுக்கு எத்தனை பிள்ளைங்களுக்கு வெச்சே?”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். நிதானமாகத் துடைத்தான். “கேட்டாங்க, குடுத்தேன். யாரையும் நான் போய்க் கூப்பிடல. எல்லாருக்கும் உன்கூட சண்டை போடறதுக்கு சங்கடம். இப்படி வெச்சா உனக்கும் வேலை முடியுது, அவங்களுக்கும் நிம்மதி. எனக்கு நீ நன்றி சொல்லணும்.”

“சாக்கடைத் தண்ணில கிருமி இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நம்ம பம்ப் ஹவுஸ். உன் வீட்டுக் கக்கூஸ் தண்ணியும் அங்கதான் போகுது. இந்தக் கட்டிடத்துல ஏழு பிள்ளைங்க வாயில ரெண்டு சுற்றா ஒரு சொட்டுகூட போகல. ஏழு பேரும் ஒரே படிக்கட்டுல உருண்டு விளையாடுதுங்க. உனக்குப் புரியுதா, இல்லியா?”

அண்ணியின் கையில் இருந்த கரண்டி நின்றது.

“ரிப்போர்ட்” என்றான் அண்ணன். “யாரு எழுதினது? உங்க ஆபீஸ்தானே? என் வீட்டுக் கதவுல வட்டம்னு எழுதினதும் உங்க ஆபீஸ்தானே? அது பொய், இது நெஜமா? நான் எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?”

அவளுக்கு நெஞ்சில் குத்தியது. அதற்குமேல் கோபம் வந்தது. இந்த மனுஷனோடு பேசிப் பேசித்தான் தன் பாதி ஆயுசு போயிற்று என்று தோன்றியது.

“நான் போட்ட வட்டம் பொய்னு எனக்கே தெரியாமலா இருக்கு? நான் எதுக்கு அப்படிப் பண்ணேன்னு ஒரே ஒரு தடவை யோசிச்சியா?”

“நான் யோசிச்சேன். நீ உண்மையிலயே இந்த மருந்தை நம்பினா, என் கையைக் காலைக் கட்டிப் போட்டாவது சிட்டு வாயில ஊத்தியிருப்பே. பெருக்கல் போட்டு போலீஸ கூட்டிட்டு வந்திருப்பே. நீ அப்படிச் செய்யல. மையை வெச்சுட்டு, டீ குடிச்சுட்டுப் போனே. ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை. அப்ப எனக்கு என்ன தோணும்? சரி, பெரிய ஆபத்து ஒண்ணும் இல்ல போல, இருந்தா இவ சும்மா விடுவாளான்னுதானே தோணும்?”

எதிராளியின் பேச்சில் ஓட்டை தேடித் தேடிப் பழகிய அவள் மூளை, இதில் ஓட்டையே இல்லை என்று கையை விரித்துவிட்டது.

“நான் நம்பாம செய்யல” என்றாள் கடைசியில். “என் வயித்துல பொறந்தவனுக்கு ஒவ்வொரு சுற்றும் என் கையால ஊத்தினேன். உனக்குப் பயந்து செஞ்சேன். நீ பேசாம போயிடுவியோன்னு பயந்தேன். ஆபீஸ்ல மானம் போயிடுமோன்னு பயந்தேன். அவ்வளவுதான்.”

“இதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? கீழ இறங்கிப் படிக்கட்டுல நின்னு சொல்லு பாக்கலாம். சொல்லிட்டு வா, அப்புறம் பேசலாம்.”

அவள் செய்ய மாட்டாள் என்ற தைரியத்தில்தான் சொன்னான். சின்ன வயதிலிருந்தே அவள் செய்ய மாட்டாள். அந்த நம்பிக்கை அவன் முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரி மின்னியதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று திரும்பி வெளியே போனாள்.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நின்று கத்தினாள்.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க! சொட்டக்கா கூப்பிடறேன்!”

கதவுகள் திறந்தன. தையல்காரி கீழே இருந்து வந்தாள். இரண்டாவது மாடிக்காரி ஈரத் தலையோடு வந்தாள். இடுப்பில் பிள்ளையோடு, பனியன் போட்ட ஒருத்தர் வந்தார். கண்டக்டருக்குப் பக்கத்தில் இன்னொரு தலையும் தெரிந்தது. சதவீதம். எல்லாத் தெருவையும் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், முதலில் இங்கே வந்து நிற்கிறார். விதி இப்படித்தான் நேரம் பார்த்து வரும். காலையில் விழுங்கியதை இனி விழுங்க முடியாது.

“எங்கண்ணன் பொண்ணுக்கு நான் மருந்து ஊத்தல. மை மட்டும் வெச்சேன். அஞ்சு சுற்று, வட்டம்னு பொய்யா குறி போட்டேன். பேனாவையும் குடுத்தேன். மருந்து கெட்டதுன்னு தெரிஞ்சு நான் அப்படிச் செய்யல. எங்கண்ணன்கூட சண்டை போட தைரியம் இல்லாம செஞ்சேன். நான் கோழை. மருந்து மேல குத்தமில்ல, என் மேலதான் குத்தம். இப்ப தண்ணில கிருமி வந்திருக்கு. உங்க பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கு நான்தான் காரணம்.”

யாரும் உருகிவிடவில்லை. அப்படியெல்லாம் நடப்பதில்லை.

“நல்லா இருக்கே கதை” என்றாள் ஈரத் தலைக்காரி. “அன்னைக்குப் பொய் சொன்னவங்க இன்னைக்கு உண்மை பேசறீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?”

“இத்தனை நாள் எங்க வீட்டுல வந்து என்னா அதட்டு அதட்டினீங்க!” என்றார் பனியன்காரர். “அறிவில்லாதவங்கன்னு திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு” என்றாள்.

“மூத்த பொண்ணுக்கு வலிப்பு வந்துச்சாமே ஊசியால?” என்றாள் தையல்காரி. “அதுக்கு என்ன சொல்றீங்க?”

சொட்டக்கா வாயைத் திறந்தாள். அவளிடம் மனப்பாடமாக ஒரு பதில் இருந்தது. அதற்குள் சதவீதம் இரண்டு படி ஏறி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்ல” என்றார். “ஊசி போட்டா காய்ச்சல் வரலாம். காய்ச்சல் ஏறினா சில சின்னப் பிள்ளைங்களுக்கு வலிப்பு வரும், பெரும்பாலும் அதுவா சரியாயிடும். இது நெஜம். அன்னைக்கே அந்த அப்பாவை உக்கார வெச்சு சொல்லியிருக்கணும், சொல்லல. அது எங்க ஆளுங்க தப்பு. ஆனா இது சொட்டு மருந்து. அது வேற, இது வேற. கேள்வி இருந்தா கேளுங்க. எனக்குத் தெரிஞ்சா சொல்றேன், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றேன். எனக்கு நேரம் இருக்கு.”

அவருக்கு நேரம் இல்லை என்பது கண்டக்டருக்கும் சொட்டக்காவுக்கும் தெரியும். ஆனாலும் மனுஷன் படியில் உட்கார்ந்தேவிட்டார்.

கேட்டார்கள். சகட்டுமேனிக்குக் கேட்டார்கள். ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்கிறீர்கள், சளி பிடித்த குழந்தைக்குக் கொடுக்கலாமா, மற்ற வியாதிக்கெல்லாம் வீடு தேடி வராதவர்கள் இதற்கு மட்டும் ஏன் வருகிறீர்கள் என்று. கடைசிக் கேள்விக்கு சதவீதம், “அதைத்தான் நானும் பத்து வருஷமா ஆபீஸ்ல கேக்கறேன்” என்றார். அப்போதுதான் ஒருத்தர் சிரித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. தையல்காரி தன் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் தள்ளினாள். “ஊத்துங்க. ஆனா நீங்க ஊத்த வேணாம், அவரு ஊத்தட்டும்” என்றாள், சொட்டக்காவைப் பார்க்காமலே. சதவீதம் ஊற்றினார். பழக்கம் விட்டுப்போன கை. பாதி கன்னத்தில் போயிற்று. மறுபடி ஊற்றினார். பனியன்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினார். ஈரத் தலைக்காரி வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கண்டக்டர் இரண்டு கதவிலும் பெரிதாகப் பெருக்கல் போட்டார்.

“நாளைக்கு ஆபீஸ் வா” என்றார் சதவீதம் சொட்டக்காவிடம், குரலைத் தாழ்த்தி. “மேல எழுதித்தான் ஆகணும். வேலை இருக்குமா இருக்காதான்னு எனக்கு வாக்கு குடுக்க முடியாது. காலைலயே சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு ஆறல.”

“சரி சார்.”

“இப்ப குப்பி திறந்தாச்சு. வெச்சுட்டு நிக்காதே. மேல போ.”

*

மேலே போக வேண்டியிருக்கவில்லை. அண்ணி சிட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. பின்னாலேயே அண்ணன்.

“எங்க போறே?” என்றான் அவன்.

“பாத்தா தெரியல?” என்றாள் அண்ணி. “உங்க ரெண்டு பேரு ரோஷத்துக்கு நடுவுல என் பொண்ணு காலு மாட்டிட்டு கெடக்கு. ரெண்டு வருஷமா வாயை மூடிட்டு இருந்தேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு உங்களை நம்பினேன், உங்க தங்கச்சி ஒண்ணும் சொல்லலியேன்னு இவங்களையும் நம்பினேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு பேனாவ வெச்சு விளையாடிட்டு இருந்திருக்கீங்க. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு...” நிறுத்தி மூச்சு விட்டாள். “ஊத்துங்க.”

“அண்ணி, நான் ஊத்தலாமா?”

“வேற யாரு ஊத்துவா? இத்தனை பேரு முன்னால மானம் போனது இதுக்குத்தானே?”

சொட்டக்கா குப்பியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கீழே தையல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு அத்தையையும் குப்பியையும் பார்த்தது. அப்புறம் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. பல்லோடு பல் ஒட்டிவிட்ட மாதிரி மூடிக்கொண்டது.

“திற கண்ணு. ஆ காட்டு.”

கழுத்தை ஒரு பக்கம் திருப்பியது. அண்ணி தலையைப் பிடித்தாள். சிட்டு மறு பக்கம் திரும்பியது. சொட்டக்கா கன்னத்தை அழுத்தினாள். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது உதட்டில் விழுந்து தாடையில் வழிந்தது. மூன்றாவது உள்ளே போயிற்று. உடனே ‘ப்பூ’ என்று அத்தை முகத்தில் வந்தது. ஆயிரக்கணக்கான வாயைத் திறந்தவளுக்கு அன்று இந்த ஒரு வாய் திறக்கவில்லை. கண்டக்டர், “அப்பனை உரிச்சு வெச்சிருக்கு” என்று முணுமுணுத்தார்.

“அட, விடுங்க!” என்று அண்ணன் கத்தினான். இரண்டு படி தாவி இறங்கி சிட்டை அண்ணியிடமிருந்து பிடுங்கினான். மேலே தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டான். அதன் இரண்டு கையையும் தன் ஒரு கையில் அடக்கினான். இன்னொரு கையால் தாடையைப் பிடித்தான்.

“ஒரு குழந்தையப் பிடிக்க வக்கில்ல. ஊருக்கே மருந்து ஊத்தறாளாம்” என்றான் பல்லைக் கடித்தபடி. “மூக்குல எல்லாம் ஊத்தி மூச்சு முட்ட வெச்சிடுவே. ம். சீக்கிரம்.”

இரண்டு சொட்டு. சிட்டு விழுங்கியது. விழுங்கிய பிறகுதான் அழலாம் என்று நினைவு வந்து, கட்டிடம் அதிர அழுதது.

அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எழுந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அடுத்த சுற்று எப்போ?”

“அடுத்த மாசம். நான் இல்லாட்டி வேற யாராவது வருவாங்க.”

“யாரு வந்தாலும் வரட்டும். பெட்டியோட வந்தா கதவு திறப்பேன்.” ஒரு படி ஏறினான். “நீ சும்மா வராதே. டீ குடிக்க, பேச, அதுக்கெல்லாம் வராதே. அம்பது பேரு முன்னால என்னைப் பூச்சாண்டி ஆக்கிட்டே.”

அம்பது பேரெல்லாம் இல்லை, பத்துப் பேர்தான் இருந்தார்கள். அதைச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அதில் கோபம்தான் இருந்தது. மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சொட்டக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்டக்டரிடமிருந்து பட்டியலை வாங்கி, பழைய வட்டங்களை அடித்துவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஏழில் மூன்று முடிந்தது. பெருக்கல் போட்ட இரண்டு வீட்டிலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை. மூன்றாவது மாடியில் இரட்டைப் பிள்ளைகள் பாக்கி. கதவைத் தட்டினாள். ரொம்ப நேரம் கழித்து, சங்கிலி போட்டபடியே ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் தூங்குதுங்க. நாளைக்கு வாங்க.”

“எழுப்புங்கம்மா.”

“எழுப்பினா நீங்களா தூங்க வைப்பீங்க? நாளைக்கு வாங்கன்னா புரியாதா?”

நாளைக்குத் தன்னிடம் இந்தப் பெட்டி இருக்குமா என்று சொட்டக்காவுக்குத் தெரியாது. அதை இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்தாள்.

“சரி, தூங்கட்டும். முழிச்சதும் குரல் குடுங்க. இங்கதான் இருக்கேன்.”

“எத்தனை நேரம் இருப்பீங்க?”

“அதுங்க எத்தனை நேரம் தூங்குமோ அத்தனை நேரம்.”

பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கண்டக்டர் முனகிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்து முட்டியை நீவ ஆரம்பித்தார். சொட்டக்கா பெட்டியின் மூடியைத் திறந்து ஐஸ் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தொட்டுப் பார்த்தாள்.